பிப்ராவாப் பேழைப் பொறிப்பும் ஏலப் பட்டியலும்: ஒரு வேற்றுமைப் பொருளின் வரலாறு

முன்னுரை

தொல்பொருள் ஒன்று ஏலத்திற்கு வரும்போது முதலில் எழும் வினா, ‘இஃது எவருடையது?’ என்பதாகும். இதனைச் சட்டத்தின் வினாவாகவோ வரலாற்றின் வினாவாகவோ நோக்குவதே வழக்கம். ஆயினும் சில பொருள்களைப் பொறுத்தவரை அது மொழியின் வினாவாகவும் அமைகின்றது. உத்தரப் பிரதேசத்தின் சித்தார்த்தநகர் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டியுள்ள பிப்ராவாவில் 1898-ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட மணிகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றுள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை 2025 மே 7 அன்று ஹாங்காங்கில் சோத்பிஸ் நிறுவனத்தின் ஏலத்திற்கு வரவிருந்தன. இந்திய அரசின் எதிர்ப்பினால் ஏலம் ஒத்திவைக்கப்பட்டது.

அம்மணிகளோடு கிடைத்த பேழை ஒன்றின் மூடியில் பிராமி எழுத்தில் ஒற்றை வரிப் பொறிப்பு ஒன்றுள்ளது. அவ்வரியில் வரும் ஆறாம் வேற்றுமைச் சொற்கள் எதனோடு எது இயைபுடையது என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டவில்லை. ‘எவருடையது’ என்னும் வினாவிற்கு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்கள் தந்த விடைகள் யாவும் மொழிபெயர்ப்புகளே. ஏலத்தை ஒட்டி எழுந்த வழக்கும் அடிப்படையில் அதே வினாவின் தொடர்ச்சி என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

கண்டெடுப்பு

பிப்ராவா அக்காலத்தில் பஸ்தி மாவட்டத்தில், பிர்ட்பூர் பண்ணை நிலத்தின் எல்லைக்குள் இருந்தது. அப்பண்ணையை நடத்தி வந்த வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்னும் ஆங்கிலேயர், அங்கிருந்த பெரிய மேடு ஒன்றை அகழ்வித்தார். அம்மேடு செங்கல்லால் கட்டப்பட்ட தூபி என்பது தெரிய வந்தது. 1898 சனவரியில், ஏறத்தாழ 18 அடிச் செங்கற் கட்டுமானத்தைக் கடந்த நிலையில், ஒரே மணற்கல்லிற் குடைந்த பெரும் பெட்டி ஒன்று வெளிப்பட்டது. அதனுள் மாக்கல்லாலான கலங்கள் நான்கும், மீன் வடிவக் கைப்பிடி கொண்ட மூடியுடன் கூடிய படிகக் கலம் ஒன்றும் இருந்தன. எலும்புத் துண்டுகள், சாம்பல் ஆகியவற்றோடு பெருந்தொகையான மணிகளும் கிடைத்தன. சூதுபவளம், செவ்வந்திக்கல், புட்பராகம், பவளம், படிகம் முதலியவற்றில் பூவாகவும் இலையாகவும் விண்மீனாகவும் செதுக்கப்பட்டவை அவை. உருவம் பொறித்த பொன் தகடுகளும் உடனிருந்தன.

கண்டெடுப்பு பற்றிய பெப்பேயின் அறிக்கை, வின்சென்ட் ஸ்மித்தின் குறிப்புடன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் அதே ஆண்டில் வெளிவந்தது. எலும்பு எச்சங்கள் 1899-இல் சயாம் மன்னர் சூலாலங்கோர்னுக்கு வழங்கப்பட்டன. அவரிடமிருந்து பர்மாவிற்கும் இலங்கைக்கும் பங்குகள் சென்றன. கற்பெட்டியும் கலங்களும் மணிகளிற் பெரும்பகுதியும் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. மணிகளில் ஒரு பகுதியை மட்டும் பெப்பே வைத்துக்கொள்ள அரசு இசைவளித்தது. 2025-இல் ஏலத்திற்கு வந்தது அப்பகுதியே.

இவ்வாறு ஒரே பெட்டியிற் கிடைத்தவை மூவகையாகப் பிரிந்தன. எலும்பு சமயத்திற்கும், கலம் அருங்காட்சியகத்திற்கும், எஞ்சிய மணி தனியுடைமைக்கும் உரியவாயின. இப்பிரிவினைக்குப் பேழையின் பொறிப்பு இடந்தருகின்றதா என்பது அடுத்து நோக்கத்தக்கது.

பொறிப்பின் மொழி

பொறிப்பு சிறிய மாக்கற்பேழையின் மூடியைச் சுற்றி வட்டமாக அமைந்துள்ளது. அதன் மொழி கிழக்கத்தியப் பிராகிருதம். நெடில் உயிர்கள் குறிக்கப்படவில்லை. ரகரம் லகரமாகத் திரிந்துள்ளது. முதல் வேற்றுமை ஒருமை எகர ஈறு பெற்றுள்ளது. ‘இயம்’ என்னும் சுட்டு பால் வேறுபாடின்றி வருகின்றது. இக்கூறுகள் அசோகரின் கிழக்கத்தியச் சாசனங்களிலும் காணப்படுவன. எழுத்தமைதி கொண்டு ஹாரி பால்க் முதலிய இக்கால அறிஞர்கள் இப்பொறிப்பை அசோகர் காலத்தை ஒட்டியதாகக் கருதுகின்றனர். எனவே இது புத்தரின் மறைவுக்குப் பல தலைமுறை பின்னர் எழுதப்பட்டதாகும்.

பொறிப்பின் மையச் சொல் ‘ஸலிலநிதனே’ என்பது. வடமொழியில் ‘சலிலம்’ நீரைக் குறிக்கும். தமிழ் அகராதிகளும் அப்பொருளைத் தரும. ஆனால் இங்கு அது ‘சரீர’ என்பதன் லகரத் திரிபு. பௌத்த வழக்கிற் ‘சரீரம்’ என்பது உயிருள்ள உடலை மட்டுமன்றி, எரியூட்டிய பின் எஞ்சியவற்றையும் குறிக்கும். ‘நிதான’ என்பது வைப்பு, அதாவது பேணி வைத்தல், வைக்குமிடம் எனப் பொருள்படும். ஆகவே ‘உடலெச்சங்களின் வைப்பு’ என்பது இத்தொகைச் சொல்லின் பொருளாகின்றது. இதுவரை அறிஞரிடையே கருத்து வேறுபாடு மிகுதியாக இல்லை.

சிக்கல் எஞ்சிய சொற்களில் உள்ளது. அவை அனைத்தும் ஆறாம் வேற்றுமை ஏற்றவை. ‘புதஸ பகவதே’ என்பது ‘பகவான் புத்தருடைய’ எனவும், ‘ஸகியனம்’ என்பது ‘சாக்கியருடைய’ எனவும் பொருள் தருவன. ‘ஸுகிதிபதினம்’ என்பதற்குச் ‘சுகீர்த்தியின் உடன்பிறந்தாருடைய’ என்பது ஒரு பொருள். அவ்வுடன்பிறந்தார் தம் சகோதரியருடனும் மக்கள் மனைவியருடனும் சேர்ந்தவர்கள் என்பதை இரு அடைச்சொற்கள் உணர்த்துகின்றன. வினைச்சொல் எதுவும் இல்லை. ‘வைத்தனர்’ என்றோ ‘கொடை’ என்றோ ஒரு சொல்லேனும் இருந்திருப்பின் ஐயம் நீங்கியிருக்கும்.

மூன்று மொழிபெயர்ப்புகள்

பொறிப்பை முதலில் விளக்கியவர்களுள் தலையாயவர் கியோர்க் பியூலர். 1898 ஏப்ரலில் அவர் மறைந்தார். மறைவதற்குச் சற்று முன்னர் எழுதிய குறிப்பில், ‘இயம்’ என்னும் சுட்டிலிருந்து வாசிப்பைத் தொடங்கினார். அவர் கொண்ட பொருளின்படி, இது புத்தரின் எச்ச வைப்பு. சாக்கியராகிய சுகீர்த்தியின் உடன்பிறந்தார் தம் குடும்பத்தாருடன் அளித்த கொடை. மூலத்தில் இல்லாத ‘கொடை’ என்னும் கருத்தை வருவித்துரைத்ததனால் இரண்டு ஆறாம் வேற்றுமைகளும் வெவ்வேறு பணி பெற்றன. ஒன்று எச்சத்தின் உரியவரையும் மற்றொன்று கொடையாளரையும் சுட்டின.

ரிச்சர்டு பிஷெல் 1902-இல் ‘ஸுகிதி’ என்பது ஆட்பெயரே அன்று, நற்செயலை அல்லது அறச்செயலைக் குறிக்கும் பொதுப்பெயர் என்றார். ஒரு சிறப்புப் பெயர் பொதுப்பெயராகியதும் கொடையாளரின் அடையாளம் மாறிவிட்டது. பெயர் சுட்டப்பெற்ற ஒரு குடும்பத்தின் இடத்தில் சாக்கியக் குலம் நின்றது.

ஜே. எப். பிளீட் 1905 முதல் 1907 வரை எழுதிய கட்டுரைகளில் அடிப்படையையே மாற்றினார். வட்டப் பொறிப்பு எங்கே தொடங்குகின்றது என்பது அவர் எழுப்பிய வினா. ‘ஸகியனம்’ என்னும் சொல்லின் இறுதி எழுத்துகள் இரண்டும் வரிக்கு மேலே பொறிக்கப்பட்டுள்ளன. செதுக்கியவருக்கு இடம் போதாமையே இதற்குக் காரணம் என்றும், ஆகவே பொறிப்பு அச்சொல்லோடு முடிகின்றது என்றும் அவர் நிறுவினார். அவ்வாறாயின் ‘ஸுகிதி’ என்பதே முதற்சொல். இவ்வளவும் கண்ணாற் கண்டு தெளியத்தக்க சான்று. பிளீட் இதற்கு மேலும் சென்றார். ‘ஸகிய’ என்பதனைக் குலப்பெயராகக் கொள்ளாமல், ‘தம்முடைய’ என்று பொருள்படும் ‘ஸ்வகீய’ என்னும் சொல்லின் திரிபாகக் கொண்டார். அதன்படி ‘புத்தருடைய சுற்றத்தார்’ என்னும் பொருள் கிடைத்தது. எச்சங்கள் புத்தருடையன அல்ல. அவர்தம் உறவினருடையன, அவர்களின் மகளிர் மக்களுடையன என்பது அவர் முடிபு. சாக்கியர் கூட்டாகக் கொல்லப்பட்டதாக வழங்கும் பௌத்த வரலாற்றோடு அவர் இதனை இயைபுபடுத்தினார். பின்வந்தோருட் பெரும்பாலோர் வாசிப்பின் தொடக்கம் பற்றிய அவர் கருத்தை மதித்தனர். எச்சங்கள் உறவினருடையன என்னும் முடிபை ஏற்கவில்லை.

இம்மூவருக்கும் எழுத்துகளை அடையாளம் காண்பதில் பெரிய வேறுபாடில்லை. சொல்லைப் பிரிப்பது, தொடரைத் தொடங்குவது, வேற்றுமையை இயைப்பது ஆகிய மூன்றிலேயே அவர்கள் வேறுபட்டனர். ஆயினும் விளைவோ பெரிது. ஒரு மொழிபெயர்ப்பில் உலகப் பௌத்தர் அனைவரும் வணங்கும் எச்சம். மற்றொன்றில் பெயரறியாக் குடும்பங்களின் ஈமப் பொருள்.

தற்கிழமையும் பிறிதின்கிழமையும்

தமிழிலக்கண மரபு இவ்விடத்திற் பயன்படும் ஒரு வேறுபாட்டைத் தருகின்றது. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை நன்னூல் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுக்கும். உறுப்பும் பண்பும் போல ஒருவரினின்று பிரிக்கலாகாதவை தற்கிழமைக்கு உரியன. ‘சாத்தனது கை’ என்பது தற்கிழமை. ‘சாத்தனது வீடு’ என்பது பிறிதின்கிழமை. வீடு கைம்மாறலாம், கை அவ்வாறு மாறுவதில்லை.

பியூலரின் பொருள்கோளில் ‘புத்தருடைய’ என்பது தற்கிழமை, ‘சாக்கியருடைய’ என்பது பிறிதின்கிழமை. பிளீட்டின் பொருள்கோளில் உறவினருடைய கிழமையே தற்கிழமையாகி, புத்தருக்கும் எச்சத்திற்கும் நேரடித் தொடர்பு அறுகின்றது. பிராகிருதத்தில் இவ்விரு கிழமைக்கும் உருபு ஒன்றே. தமிழிலும் ‘உடைய’ என்னும் சொல்லுருபு இரண்டிற்கும் பொது. எனவே தமிழில் மொழிபெயர்ப்போர் மூலத்தின் ஐயத்தை அப்படியே பெயர்க்கவும் இயலும்; ‘கொடை’ என ஒரு சொல் சேர்த்து அதனைத் தீர்க்கவும் இயலும். பின்னதைச் செய்யின், சேர்த்த சொல் தமதென்பதைக் காட்டுவது கடமை.

மணிகள் எக்கிழமைக்கு உரியன என்பது பொறிப்பில் வெளிப்படையாக இல்லை. ‘வைப்பு’ என்னும் சொல் முழுப் பேழையையும் அதனுள் இருந்த அனைத்தையும் தழுவுமாயின், மணிகளும் எச்சத்தோடு ஒன்றியவையே. அஃது எலும்பை மட்டும் குறிக்குமாயின், மணிகள் உடன்வைத்த பொருள்களாகும். ஏலத்தின்போது எழுந்த விவாதம் இவ்விரு நிலைகளுக்கு இடைப்பட்டதே.

சட்டத்தின் சொல்லும் நிர்வாகத்தின் சொல்லும்

பிப்ராவாக் கண்டெடுப்பு நிகழ்ந்தபோது நடப்பிலிருந்தது 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம். மண்ணில் மறைந்துள்ள மதிப்புடைய எப்பொருளையும் அச்சட்டம் ‘புதையல்’ என வரையறுத்தது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். அரசு அதனைத் தனக்கென எடுத்துக்கொள்ள விரும்பின், மூலப்பொருளின் மதிப்பும் அதில் ஐந்திலொரு பங்கும் சேர்த்துத் தரலாம் என்பது ஏற்பாடு. இவ்வரையறையில் வைத்தவர் எவர், எதற்காக வைத்தார் என்பதற்கு இடமில்லை. பொன்னின் எடையும் கல்லின் விலையுமே அளவைகள்.

‘நிதி’, ‘நிதான’, ‘தாது’ ஆகிய மூன்று சொற்களும் ‘வைத்தல்’ என்னும் பொருளுடைய ‘தா’ என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பது இங்கு கருதத்தக்கது. ‘நிதி’ புதையலையும் செல்வத்தையும் குறித்தது. ‘நிதான’ பொறிப்பில் வழிபாட்டு வைப்பைக் குறித்தது. ‘தாது’ வடமொழியில் கனிமத்தையும் உடற்கூறுகளையும் வினையடியையும் உணர்த்துவதோடு, பௌத்த வழக்கில் புனித எச்சத்தையும் உணர்த்தியது. சிங்களத்தின் ‘தாகப’ என்னும் சொல் ‘தாதுகர்ப்பம்’ என்பதன் திரிபே. எனவே ஒரு மணியைத் ‘தாது’ என்று கனிம நூலாரும் கூறலாம், பிக்குவும் கூறலாம். இருவரும் கூறுவது ஒன்றன்று. வழிபாட்டு வைப்பைப் புதையலாகப் பெயர்த்ததே 1898-இல் நிகழ்ந்த முதற்பெயர்ப்பு எனலாம்.

இரண்டாவது பெயர்ப்பு நிர்வாகத்தின் சொல்லால் நிகழ்ந்தது. பெப்பேயிடம் விடப்பட்ட மணிகள் ‘டூப்ளிகேட்’ என வகைப்படுத்தப்பட்டன. அருங்காட்சியக வழக்கில் இச்சொல் ஒரே வகையில் மிகையாக உள்ள மாதிரியைக் குறிக்கும். ஒரே வடிவிற் பத்துப் பூக்கள் இருப்பின் ஒன்றிரண்டு போதும், எஞ்சியவை மிகை என்பது அதன் கருத்து. இன்றைய தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘டூப்ளிகேட்’ போலியையே சுட்டுவதால், இவ்வாவணங்களைப் பெயர்ப்போர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ‘மிகைப்படி’ என்பது ஓரளவு பொருந்தும். ஆயினும் சொல்லைச் சரியாகப் பெயர்ப்பதனால் மட்டும் அதன் கருத்து சரியாகிவிடாது. காணிக்கையாக இட்ட பொருளில் மிகை என்பதொன்று இல்லை. பத்தாவது பூவை இட்டவருக்கு அது முதற்பூவின் படியன்று.

பிற்கால அகழ்வு

இந்தியத் தொல்லியல் துறையின் கே. எம். ஸ்ரீவஸ்தவா 1971 முதல் பிப்ராவாவில் மேற்கொண்ட அகழ்வு, பெப்பே கண்ட பெட்டிக்குக் கீழே மேலும் பழமையான செங்கல் அறைகளைக் காட்டிற்று. அவற்றில் மாக்கற்பேழைகளும் 22 எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. அவ்வெச்சங்கள் புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அருகிலிருந்த விகாரையின் இடிபாட்டில், கபிலவஸ்துவின் பிக்கு சங்கத்தைச் சுட்டும் சுடுமண் முத்திரைகளும் கிடைத்தன. கபிலவஸ்து நேபாளத்தின் திலௌராகோட்டே என்னும் கருத்தும் நிலவுகின்றது. எவ்வாறாயினும், அவ்விடத்தில் எச்சங்களைப் பேணிய சங்கம் ஒன்று நெடுங்காலம் இருந்தது என்பது முத்திரைகளால் உறுதிப்படுகின்றது. வைப்பு மறைந்து கிடந்த செல்வமன்று. பேணப்பட்ட வழிபாட்டுப் பொருள் என்பதற்கு இது சான்று.

ஏலமும் அதன் சொற்களும்

‘ஏலம்’ என்னும் தமிழ்ச் சொல் போர்த்துக்கீசிய ‘லெயிலாவ்’ என்பதன் திரிபு. இந்தியின் ‘நீலாம்’ என்பதும் அதே மூலத்தது. துறைமுகங்களில் சரக்கு விற்ற முறை அச்சொல்லோடு இந்நாட்டிற்கு வந்தது. சரக்கிற்குரிய அம்முறையில் ஒரு பொருள் இடம்பெற வேண்டுமாயின், அது முதலிற் சரக்கென்னும் பெயரைப் பெறுதல் வேண்டும்.

சோத்பிஸ் நிறுவனம் இத்தொகுதியை ‘வரலாற்றுப் புத்தரின் பிப்ராவா மணிகள்’ என்னும் பொருள்பட அறிவித்தது. இத்தலைப்பின் அமைப்பு கருதத்தக்கது. தலைச்சொல் ‘மணிகள்’, ‘புத்தரின்’ என்பது அதற்கு அடை. விலையைத் தருவது அடை; விற்பனைக்கு இடந்தருவது தலைச்சொல். ‘எச்சங்கள்’ என்பது தலைச்சொல்லாயின் விற்பனை கடினமாகும். ‘புத்தரின்’ என்னும் அடை நீங்கின் விலை குறையும். பொறிப்பில் ஐயத்திற்குரியதாக நின்ற அதே ஆறாம் வேற்றுமை, ஏலத் தலைப்பில் வணிகப் பணி ஆற்றியது.

மணிகளை வைத்திருந்த குடும்பத்தார், தாம் கலந்தறிந்த பௌத்தர்களும் அறிஞர்களும் இவற்றை உடலெச்சமாகக் கருதவில்லை என்றனர். இந்தியப் பண்பாட்டு அமைச்சகம் 2025 மே 5 அன்று விடுத்த சட்ட அறிவிப்பில், இவை மாதிரிப் பொருள்கள் அல்ல, புத்தரின் திருவுடலோடு அடக்கம் செய்யப்பட்டவை என வாதிட்டது. முன்னவர் மணியை எலும்பினின்று பிரித்தனர். பின்னவர் வைப்பு முழுமையையும் ஒன்றாகக் கொண்டனர். பௌத்த மரபு இதில் யாது கூறுகின்றது?

பாலி மகாபரிநிப்பான சுத்தம் எச்சங்கள் எட்டுப் பங்காகப் பகுக்கப்பட்டதைக் கூறுகின்றது. கபிலவஸ்துவின் சாக்கியர் ஒரு பங்கு பெற்றனர். பங்கிட்ட துரோணர் என்னும் அந்தணர் அளந்த கலத்தைக் கேட்டுப் பெற்றார். காலந்தாழ்த்து வந்த மோரியருக்குக் கிடைத்தது எரிந்த கரி. கலத்திற்கும் கரிக்கும் தூபிகள் எழுந்தன. எலும்பும் கலமும் கரியும் பெயரால் வேறு வேறாகவே அங்கு சுட்டப்படுகின்றன. ஆயினும் போற்றும் முறையில் வேறுபாடில்லை. ஆகவே ‘மணி உடலெச்சமன்று’ என்பது சொல்லளவிற் பொருந்தலாம். ‘ஆதலின் விற்கலாம்’ என்பது அதிலிருந்து பெறப்படும் முடிபன்று. பிறிதின்கிழமைப் பொருளும் சேர்க்கையினால் தற்கிழமையின் மதிப்பைப் பெறும் என்பதே அம்மரபின் நிலை.

2025 சூலை 30 அன்று மணிகள் இந்தியா வந்தடைந்தன. அவற்றைப் பெற்றுத் தந்தது கோத்ரெஜ் தொழிற்குழுமம். அரசும் தனியாரும் இணைந்த ஏற்பாடு என இது விளக்கப்பட்டது. 2026 சனவரியில் புதுதில்லியில் அவை பிற பிப்ராவாப் பொருள்களுடன் காட்சிக்கு வைக்கப்பட்டன. ‘தாயகம் திரும்பின’ என்பது அறிவிப்புகளின் சொல். விற்பனையைத் தடுத்துத் தொடங்கிய முயற்சி, ஒரு கொள்முதலால் நிறைவுற்றது. மணிகள் சிதறாமல் மக்கள் பார்வைக்கு வந்தது பெரும் பயன். எனினும் ‘மீட்பு’ என்னும் ஒரு சொல்லால் கொள்முதலையும் குறிப்பது, விலைகொடுக்கத்தக்க பொருள் அது என்னும் கூற்றை மறைமுகமாக ஏற்பதாகின்றது. வருங்காலத்தில் இவ்வாவணங்களைப் படிப்போருக்கு இவ்வேறுபாடு தெரிதல் வேண்டும்.

முடிவுரை

பிப்ராவாப் பொருள்கள் மும்முறை பெயர்க்கப்பட்டன. வைப்பு புதையலாயிற்று, காணிக்கை மிகைப்படியாயிற்று, எச்சம் மணியாயிற்று. ஒவ்வொரு பெயர்ப்பும் தத்தம் துறையின் வழக்குப்படி இயல்பானதே. அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்ததனால், ஒரே கற்பெட்டியில் இருந்தவை ஹாங்காங்கின் ஏலமேடை வரை பிரிந்து செல்ல இயன்றது.

பொறிப்பின் ஆறாம் வேற்றுமை எதனைச் சுட்டுகின்றது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஆராயலாம். அதுவரை மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கன இரண்டு: மூலத்தின் ஐயத்தைப் பெயர்ப்பிலும் விட்டுவைத்தல்; தீர்த்துரைப்பின் அதற்கான காரணத்தை உடன் கூறுதல். சொற்பட்டியலும் ஏலப்பட்டியலும் வேறு வேறு கையில் உருவாகின்றன. ஆயினும் முன்னதில் ஒரு சொல் மாறும்போது பின்னதில் ஒரு பொருள் இடம்பெறவோ நீங்கவோ கூடும் என்பதைப் பிப்ராவா காட்டுகின்றது.